பில்ட்டிலேயே ஒரு வசதியைச் சேர்ப்பதும் விடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை முதன்முறை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்பவர்களும், ஏதோ ஒரு திட்டத்தில் “இந்த வசதியை விருப்பத் தேர்வாக்கலாமே” என்று பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்ப நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. சோர்ஸைக் கம்பைல் செய்து ஓடக்கூடிய பைனரி கோப்பாக்குவதுதான் பில்ட். உதாரணங்களில் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அடிக்கடி தலைகாட்டும். இந்த விஷயத்தில் கெர்னல்காரர்கள் பட்ட பாட்டை வேறு யாரும் பட்டிருக்க மாட்டார்கள்.

பில்ட் நேர ஆப்ஷன் என்றால் என்ன? செட்டிங்ஸில் ஒரு வசதியை அணைத்து வைப்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. பில்ட் நேர ஆப்ஷன் என்பது, ஒரு வசதியைச் சேர்ப்பதா விடுவதா என்று பில்ட் செய்யும்போதே தேர்ந்தெடுப்பது. செட்டிங்ஸில் அணைத்தாலும் அந்த வசதியின் நிரல் பைனரிக்குள் இருந்துகொண்டேதான் இருக்கும். ஓடாது, அவ்வளவுதான். இடத்தை அடைக்கும், தனக்கு வேண்டிய லைப்ரரிகளையும் கூடவே இழுத்து வரும். வேறு ஏதாவது ஓட்டை வழியாக யாராவது அதை எழுப்பிவிடவும் வாய்ப்பு உண்டு. பில்ட் நேரத்திலேயே விட்டுவிட்டால் அந்த நிரல் பைனரிக்குள் வருவதே இல்லை. இல்லாத நிரலில் பாதுகாப்புப் பிழை இருக்காது.

பதிலுக்கு, பின்னால் மனம் மாறினால் மறுபடி பில்ட் செய்ய வேண்டும்.

எதற்கு இந்தத் தொல்லை? எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்துவிடலாமே?

டெஸ்க்டாப்புக்குப் பெரும்பாலும் அப்படித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் மூன்று நான்கு காரணங்கள் திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது இடம். வீட்டு ரவுட்டர்களுக்கான இயங்குதளமான ஓப்பன்டபிள்யுஆர்டி, 2021ல் வந்த 21.02 பதிப்பிலிருந்து குறைந்தது 8 எம்பி ஃபிளாஷும் 64 எம்பி ரேமும் வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதற்கு முன்பு 4 எம்பி ஃபிளாஷுக்குள் கெர்னல், வெப் இடைமுகம், ஃபயர்வால் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒவ்வொரு கிலோபைட்டுக்கும் விலை உண்டு.

இரண்டாவது பாதுகாப்பு. 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டை நினைவிருக்கும். இணைய இணைப்புகளை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை இருந்த பிழை. ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தை வெளியே கொட்டியது. பிழை இருந்த இடம், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ‘ஹார்ட்பீட்’ நீட்சி. சாதாரண டிசிபி இணைப்புகளில் அதற்குப் பெரிய பயன் கிடையாது. ஆனாலும் எல்லா பில்ட்களிலும் தானாகவே சேர்ந்துகொண்டது. உடனே மேம்படுத்த முடியாதவர்கள் ஹார்ட்பீட் இல்லாமல் மறுபடி கம்பைல் செய்துகொள்ளலாம் என்று ஓப்பன்எஸ்எஸ்எல் அறிவிப்பிலேயே சொன்னார்கள். அந்த ஆப்ஷன் முதலிலிருந்தே இருந்தது. அப்படி ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாது என்பதுதான் சிக்கல்.

மூன்றாவது உரிமம். வீடியோ, ஆடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக், இயல்பாக எல்ஜிபிஎல் என்ற தளர்வான ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் பில்ட் ஆகும். எக்ஸ்264 என்ற வீடியோ என்கோடர் வேண்டுமென்றால் ‘எனேபிள் ஜிபிஎல்’ கொடுத்தாக வேண்டும், உடனே மொத்த பைனரியும் அதைவிடக் கண்டிப்பான ஜிபிஎல் உரிமத்துக்குள் வந்துவிடும். ‘எனேபிள் நான்ஃப்ரீ’ கொடுத்தால் வரும் பைனரியை வேறு யாருக்கும் விநியோகிக்கவே கூடாது. ஒரு ஆப்ஷன் சட்டத்தையே மாற்றும் இடம் இது. பலர் இதைக் கவனிக்காமல் எங்கிருந்தோ எடுத்த கான்ஃபிகர் வரியை (எந்த ஆப்ஷன்கள் வேண்டும் என்று பில்டுக்கு முன் கொடுக்கும் கட்டளை) அப்படியே ஒட்டிவிடுகிறார்கள்.

நான்காவது, வெளி லைப்ரரிகள். ஒரு வசதிக்காக ஒரு லைப்ரரி, அந்த லைப்ரரிக்காக இன்னும் மூன்று என்று வால் நீளும். அதைப் பற்றிக் கீழே தனியாகவே பேச வேண்டியிருக்கிறது.

லினக்ஸ் கெர்னல் இதை எப்படிச் சமாளிக்கிறது?

‘கேகான்ஃபிக்’ என்ற தனி மொழியை வைத்து. அது வந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. 2002 வரை சிஎம்எல்1 என்ற பழைய முறை இருந்தது. வரி வரியாகக் கேட்கும் இடைமுகம் ஒன்று, மெனு ஒன்று, ஜன்னல் ஒன்று என மூன்று இருந்தன. மூன்றும் ஒரே கோப்புகளைத் தனித்தனி நிரல்களால் படித்ததால் சில நேரம் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டன. எரிக் ரேமண்ட் இதற்கு மாற்றாக சிஎம்எல்2 என்று ஒன்றைப் பைத்தானில் எழுதினார். கெர்னலை பில்ட் செய்யப் பைத்தான் கட்டாயம் என்ற நிலை பலருக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றுவதும் பிடிக்கவில்லை. நீண்ட சண்டைக்குப் பிறகு அது உள்ளே வரவில்லை. ரோமன் சிப்பல் எழுதிய கேகான்ஃபிக்தான் 2002 அக்டோபரில் கெர்னல் 2.5.45ல் சேர்ந்தது. இன்றும் அதுதான் ஓடுகிறது. பிஸிபாக்ஸ், யு-பூட், பில்ட்ரூட், கோர்பூட், செஃபிர் என்று வேறு திட்டங்களும் அதையே எடுத்துக்கொண்டன.

ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் பெயர், வகை, எதைச் சார்ந்தது, விளக்கம் ஆகியவை ஒரே இடத்தில் இருக்கும். நிறைய ஆப்ஷன்களுக்கு மூன்று நிலை உண்டு: உள்ளேயே சேர்ப்பது, தேவைப்படும்போது ஏற்றும் மாட்யூலாகச் செய்வது, விட்டுவிடுவது. இந்த நடு நிலைதான் டிஸ்ட்ரோக்களைக் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகளை) காப்பாற்றுகிறது. ஆயிரக்கணக்கான டிரைவர்களையும் மாட்யூலாக டிஸ்க்கில் வைத்துவிட்டு, உங்கள் லேப்டாப்புக்கு வேண்டியதை மட்டும் நினைவகத்துக்குக் கொண்டுவரலாம்.

எக்ஸ்86, ஆர்ம் என எல்லாச் சிப் கட்டமைப்புகளையும் சேர்த்தால் ஆப்ஷன்கள் 15,000க்கு மேல். யாரும் ஒவ்வொன்றாகப் படித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. முன்பே இருக்கும் கான்ஃபிக் கோப்பு ஒன்றிலிருந்து தொடங்கி, வேண்டியதை மட்டும் மாற்றுவார்கள்.

‘டிபெண்ட்ஸ் ஆன்’, ‘செலக்ட்’, ‘இம்ப்ளை’: எதை எப்போது பயன்படுத்துவது?

மூன்றும் கேகான்ஃபிக்கில் ஒரு ஆப்ஷனை இன்னொன்றோடு கட்டும் சொற்கள். ‘டிபெண்ட்ஸ் ஆன்’ என்றால், அது இருந்தால்தான் இது கண்ணிலேயே படும். நியாயமானது. ஆனால் பயனருக்கு எரிச்சல்: தேடுகிற டிரைவர் மெனுவில் காணவில்லை, எதை இயக்கினால் வரும் என்றும் தெரியவில்லை.

அந்த எரிச்சலைத் தவிர்க்கத்தான் ‘செலக்ட்’. இதை இயக்கினால் அதுவும் தானாக இயங்கும். ஆபத்து என்னவென்றால், அது தன் பங்குக்கு எதைச் சார்ந்திருக்கிறது என்று செலக்ட் பார்ப்பதே இல்லை. மேலிருந்து பலவந்தமாக ஆம் என்று வைத்துவிடும். அடித்தளம் இல்லாமல் மேல்மாடி மட்டும் எழும், கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் (லிங்க்) இடத்தில் பில்ட் உடையும். மெனுவில் தெரியாத, எதையும் சாராத துணை ஆப்ஷன்களுக்கு மட்டுமே செலக்ட் போடுங்கள் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. சொன்னதைக் கேட்பவர்கள் குறைவு.

‘இம்ப்ளை’ பிற்பாடு, கெர்னல் 4.10ல் வந்தது. போசிக்ஸ் டைமர்கள் என்ற நேர வசதியையே விட்டுவிடக்கூடியதாக மாற்றும் வேலை நடந்தபோது ஒரு முட்டுக்கட்டை: பல ஈதர்நெட் டிரைவர்கள் பிடிபி (நெட்வொர்க் வழியே நேரத்தை ஒத்திசைக்கும்) கடிகார வசதியைச் செலக்ட் செய்திருந்தன, அந்தக் கடிகாரத்துக்கோ டைமர்கள் வேண்டும். டிரைவர் வேண்டும், கடிகாரம் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. இம்ப்ளை என்பது சிபாரிசு மாதிரி. இயல்பாக ஆம், ஆனால் பயனர் வேண்டாம் என்றாலும், அடித்தளம் இல்லாவிட்டாலும் விட்டுக்கொடுக்கும்.

புதிதாக எழுதுபவர்களுக்கு என் யோசனை: சந்தேகம் வந்தால் டிபெண்ட்ஸ் ஆன். மெனுவில் தேட வேண்டியிருப்பது, நள்ளிரவில் உடையும் பில்டை விட மேல்.

ஒரே ஒரு ஆப்ஷன் கூடுதலாக வைத்தால் என்ன குடி முழுகிவிடும்?

ஆம்/இல்லை ஆப்ஷன்கள் 10 இருந்தால் 1,024 விதமாக பில்ட் செய்யலாம். 33 இருந்தால் கிட்டத்தட்ட 859 கோடி விதங்கள், அதாவது உலக மக்கள்தொகையை விட அதிகம். ஒவ்வொரு புது ஆப்ஷனும் இந்த எண்ணை இரட்டிப்பாக்குகிறது. இவற்றில் நிஜமாகவே யாராவது கம்பைல் செய்து ஓட்டிப் பார்த்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள லைப்ரரி. சோதனை விஷயத்தில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. வழக்கமான பில்டின் ஒவ்வொரு கிளையையும் சோதனை தொட்டுவிடும். அவர்களிடமே ‘ஓமிட்’ என்று தொடங்கும் ஏராளமான ஆப்ஷன்கள் உண்டு: ட்ரிகர் வேண்டாம், வியூ வேண்டாம், ஃபாரின் கீ வேண்டாம் என்று வெட்டிக்கொண்டே போகலாம். ஆனால் இவற்றுக்கு ஆதரவு கிடையாது, பெரும்பாலும் இவை சோதிக்கப்படுவதில்லை, சேர்த்துப் பயன்படுத்தினால் சோதிக்கப்படவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் என ஆவணத்தில் வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார்கள். இன்னொரு சிக்கல்: எஸ்க்யூஎல் இலக்கணத்தையே மாற்றும் ஓமிட்கள், எல்லோரும் பயன்படுத்தும் அந்த ஒற்றைப் பெரிய சி கோப்பில் சரியாக வேலை செய்யாது. மூலக் கோப்புகளிலிருந்து தொடங்கி பார்சரை மறுபடி உருவாக்க வேண்டும். இப்படி உள்ளதை உள்ளபடி எழுதிவைப்பது நல்ல பழக்கம். மற்ற திட்டங்கள் இதே நிலையில் இருந்துகொண்டு வாய் திறப்பதில்லை.

அப்படியானால் இவ்வளவு சேர்க்கைகளை எப்படித்தான் சோதிக்கிறார்கள்?

முழுமையாக முடியாது. மாதிரி எடுத்துத்தான் பார்க்கிறார்கள். கெர்னலில் எல்லாவற்றையும் இயக்கும் ‘ஆல்யெஸ்கான்ஃபிக்’, எல்லாவற்றையும் அணைக்கும் ‘ஆல்நோகான்ஃபிக்’, மாட்யூலாக்க முடிந்ததையெல்லாம் மாட்யூலாக்கும் ‘ஆல்மாட்கான்ஃபிக்’ ஆகியவை எல்லைக்கற்கள். இடையில் இருப்பதற்கு ‘ரேண்ட்கான்ஃபிக்’, கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுப்பது. ஆர்ன்ட் பெர்க்மன் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் ரேண்ட்கான்ஃபிக் பில்ட்களை ஓட்டி, உடைந்ததையெல்லாம் சரிசெய்து அனுப்பி வந்திருக்கிறார்கள். இன்டெல் நடத்தும் சோதனை ரோபோ, மின்னஞ்சல் பட்டியலுக்கு வரும் பேட்ச்களைப் பல கான்ஃபிக்களில் கம்பைல் செய்து, உடைத்தவருக்கே கடிதம் போடும்.

‘கம்பைல் டெஸ்ட்’ என்றொரு நல்ல தந்திரமும் உண்டு. ஒரு ஆர்ம் சிப்புக்கு மட்டுமான டிரைவரை எக்ஸ்86 கணினியில் ஓட்ட முடியாது, ஆனால் கம்பைல் செய்து பார்க்கலாமே? அதற்கு வழிவிடும் ஆப்ஷன் அது.

இணையத்திலிருந்து கோப்புகளை எடுக்கும் கர்ல் வேறு கோணத்தில் போகிறது. அங்கே ஒவ்வொரு சோதனைக் கோப்பிலும் இந்தச் சோதனைக்கு என்னென்ன வசதி வேண்டும் என்று எழுதியிருக்கும். பில்டில் அந்த வசதி இல்லையென்றால் சோதனை தவிர்க்கப்படும், தோல்வி என்று கத்தாது. இதனால் வெட்டிய பில்டிலும் சோதனைத் தொகுதியை ஓட்டிப் பார்க்க முடிகிறது. சின்ன ஏற்பாடுதான், ஆனால் இது இல்லாத திட்டத்தில் ஏதோ ஒரு வசதியை அணைத்ததும் நூறு சோதனைகள் சிவப்பாகும். அப்புறம் யாரும் அந்தப் பக்கமே போக மாட்டார்கள்.

சி நிரலுக்குள் இதை எப்படி எழுதுவது? இஃப்டெஃப் போட்டால் போதாதா?

போதும், படிக்கிறவர் கண் கெட்டாலும் பரவாயில்லை என்றால்.

இஃப்டெஃப் என்பது, ‘இந்தப் பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டும் இந்த வரிகளைச் சேர்’ என்று சொல்லும் குறி. ஒரு ஃபங்ஷனுக்குள் நான்கைந்து இஃப்டெஃப்கள் ஒன்றுக்குள் ஒன்று இருந்தால், எந்த வரி எந்த பில்டில் இருக்கும் என்று எழுதியவருக்கே ஆறு மாதத்தில் மறந்துவிடும். கெர்னலின் நடை வழிகாட்டி சொல்வது: சி கோப்புகளில் இஃப்டெஃபைத் தவிருங்கள். ஹெடரில் வைத்துக்கொள்ளுங்கள். வசதி இருந்தால் நிஜ ஃபங்ஷன், இல்லாவிட்டால் ஒன்றும் செய்யாத வெற்று ஃபங்ஷன். அழைக்கும் இடத்தில் ஒரு நிபந்தனையும் இருக்காது. வசதி முழுதும் தனிக் கோப்பில் இருந்தால் இன்னும் நல்லது. மேக்ஃபைலில் (பில்ட் விதிகள் உள்ள கோப்பு) ஒரு வரியில் விஷயம் முடிந்துவிடும்.

நிபந்தனை தேவைப்பட்டே ஆக வேண்டும் என்றால் ‘இஸ் எனேபிள்ட்’ மேக்ரோவைச் சாதாரண இஃப்புக்குள் போடச் சொல்கிறார்கள். அணைத்த வசதியின் நிரலையும் கம்பைலர் படித்துப் பார்க்கும், வகைப் பிழை இருந்தால் சொல்லும், கடைசியில் தூக்கி எறிந்துவிடும். பைனரியின் அளவு கூடாது. இஃப்டெஃபில் அணைத்த பகுதியைக் கம்பைலர் எட்டிக்கூடப் பார்க்காது. அங்கே வருடக்கணக்காக எதுவும் அழுகிக்கிடக்கலாம்.

இஃப்டெஃபின் இன்னொரு நயவஞ்சகம் எழுத்துப்பிழை. இல்லாத பெயரைக் கேட்டாலும் அது குறை சொல்லாது. ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு போய்விடும். ‘ஹாட்பிளக் சிபியு’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘சிபியு ஹாட்பிளக்’ என்று சொல் மாறி எழுதப்பட்ட பிழை கெர்னலிலேயே இருந்தது. கம்பைலர் எச்சரிக்கவில்லை, அந்தப் பகுதி எந்த பில்டிலும் சேரவும் இல்லை. இப்படிப்பட்ட அனாதைப் பெயர்களைத் தேடுவதற்கென்றே இப்போது கெர்னல் மரத்தில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் இருக்கிறது.

வசதியை அணைத்த பில்டில், அதை யாராவது கேட்டால் என்ன நடக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான் என்பது என் எண்ணம்.

2015ல் வந்த 4.1 கெர்னலில் ‘மல்டியூசர்’ என்று ஒரு ஆப்ஷன் சேர்ந்தது. அதை அணைத்தால் பயனர், குழு என்ற கருத்தே கெர்னலில் இருக்காது. எல்லா நிரலும் முழு அதிகாரம் கொண்ட ரூட்டாகவே ஓடும். ஒற்றை வேலை செய்யும் சின்னக் கருவிகளுக்கானது. மிச்சமாவது சுமார் 25 கிலோபைட். அந்தக் கெர்னலில் ஒரு நிரல் பயனர் அடையாளத்தை மாற்றக் கேட்டால் என்ன ஆகும்? ‘இந்தச் சிஸ்டம் கால் இங்கே கிடையாது’ என்ற பிழை எண் தெளிவாகத் திரும்பி வரும். மாற்றிவிட்டேன் என்று பொய் சொல்லாது, பாதியில் விழுந்தும் போகாது.

மோசமான மாதிரி எப்படி இருக்கும் என்பது தமிழில் வேலை செய்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். அடுத்த பதில் அதுதான்.

படத்தில் தமிழ் எழுத்து சிதறி வருகிறதே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறையவே உண்டு. ‘கெ’ என்று எழுதினால் கோப்பில் முதலில் க, பிறகு கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இட மாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் மாதிரியான எழுத்து வடிவமைப்பு லைப்ரரி. பைத்தானின் பட லைப்ரரியான பில்லோவில் அது லிப்ராக்ம் என்ற இடைநிலை லைப்ரரி வழியாக வரும், படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக்கிலும் அப்படித்தான். இரண்டிலும் லிப்ராக்ம் விருப்பத் தேர்வு. அது இல்லாமல் பில்ட் ஆன பில்லோவில் தமிழ் எழுதினால் எழுத்துகள் கோப்பில் இருக்கும் வரிசையிலேயே விழும், கொம்பு பின்னால் போய் நிற்கும். வழக்கமாக எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆங்கிலம் சரியாக வருவதால் பில்ட் செய்தவருக்கும் தெரியாது. போஸ்டர் அச்சாகி வந்த பிறகு யாரோ சொல்வார்கள். பில்லோவின் ‘ஃபீச்சர்ஸ்’ மாட்யூலில் ராக்ம் இருக்கிறதா என்று ஒரு வரியில் கேட்டுப் பார்த்துவிடலாம். எழுத்துரு மேல் பழி போடும் முன் அதைச் செய்யுங்கள்.

எஃப்எஃப்எம்பெக்கில் வீடியோ மேல் எழுத்து போடும் ‘டிராடெக்ஸ்ட்’ ஃபில்டரும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. 2023ல் வந்த 6.1 பதிப்பில் ஹார்ஃப்பஸ் கட்டாயமானது. அது இல்லாமல் பில்ட் செய்தால் டிராடெக்ஸ்ட் ஃபில்டரே இருக்காது. பழைய கான்ஃபிகர் வரியோடு பில்ட் செய்தவர்கள் “ஃபில்டரைக் காணோம்” என்று கத்தினார்கள். கத்தட்டும். தப்பாக எழுதும் ஃபில்டரை விட இல்லாத ஃபில்டர் மேல்.

ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸிலும் இதே கதை. மொழித் தரவுக்கு அது ஐசியு லைப்ரரியை நம்பியிருக்கிறது. 2019 அக்டோபரில் 13ஆம் பதிப்பு வரும் வரை வழக்கமான பில்டில் இருந்தது ‘ஸ்மால் ஐசியு’, அதாவது ஆங்கிலத் தரவு மட்டும். தேதியைத் தமிழில் கேட்டால் மாதப் பெயர் ஆங்கிலத்தில் வரும், பிழை எதுவும் வராது. பிரவுசரில் சரியாக வந்து சர்வரில் மட்டும் ஆங்கிலமாக வரும்போது காரணம் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும் என்று யோசித்துப் பாருங்கள். 13லிருந்து முழு ஐசியு இயல்பானது. சில மெகாபைட் கூடியது, அது சரியான விலை.

கணினியில் என்ன லைப்ரரி இருக்கிறது என்று பார்த்துத் தானாக முடிவு செய்யும் கான்ஃபிகர் நல்லதுதானே?

முதல்முறை கம்பைல் செய்பவருக்கு வசதி. பேக்கேஜ் செய்பவருக்குத் தலைவலி. சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யும் டிஸ்ட்ரோவான ஜென்டூவின் ஆட்கள் இதை ‘ஆட்டோமேஜிக்’ என்று கிண்டலாகச் சொல்வார்கள். ஒரே சோர்ஸ், ஒரே கட்டளை, ஆனால் இரண்டு கணினிகளில் இரண்டு விதமான பைனரி, ஏனென்றால் ஒன்றில் தற்செயலாக ஏதோ ஒரு லைப்ரரி இருந்தது. பிறகு அந்த லைப்ரரியை நீக்கினால் சம்பந்தமே இல்லாத நிரல் திறக்காது.

இதன் கறுப்புப் பக்கம் 2024ல், எக்ஸ்இசட் என்ற கோப்பு சுருக்கும் மென்பொருள் விவகாரத்தில் தெரிந்தது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டுச் சொருகப்பட்ட பின்கதவை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் மார்ச் 29 அன்று வெளிப்படுத்தினார். பின்கதவைப் பற்றி எல்லோரும் படித்திருப்பார்கள். பின்கதவைச் சொருகிய அதே ஆள் செய்த இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படவில்லை. லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வேலியை இந்தக் கணினியில் பயன்படுத்த முடியுமா என்று பார்க்க, சீமேக் என்ற பில்ட் கருவியின் கோப்பில் ஒரு துண்டு சி நிரலைக் கம்பைல் செய்து பார்க்கும் சோதனை இருந்தது. அதில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி கூடுதலாக வைக்கப்பட்டது. அதனால் அந்தத் துண்டு எங்கேயும் கம்பைல் ஆகாது. சோதனை ‘இல்லை’ என்று சொல்லும், வேலி இல்லாமல் பில்ட் முடியும், யாருக்கும் சந்தேகம் வராது. ‘கம்பைல் ஆகவில்லை என்றால் வசதி இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும் எந்தச் சோதனைக்கும் இந்த ஆபத்து உண்டு. எழுத்துப்பிழையும் சதியும் அங்கே ஒரே மாதிரிதான் தெரியும்.

நல்ல வழி, மூன்று நிலை வைப்பது. மீசான் என்ற பில்ட் கருவியில் ‘எனேபிள்ட், டிசேபிள்ட், ஆட்டோ’ என்று இருக்கிறது. ‘எனேபிள்ட்’ என்று சொன்ன பிறகு லைப்ரரி கிடைக்காவிட்டால் பில்ட் நிற்க வேண்டும். ஆட்டோ என்பது வீட்டில் விளையாடுபவர்களுக்கு. பேக்கேஜ் செய்பவர்கள் ஆட்டோவை மொத்தமாக அணைத்துவிட்டு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கலாம். கர்ல் 2021ல் 7.77.0 முதல், எந்த டிஎல்எஸ் (இணைப்பை மறைகுறியாக்கும்) லைப்ரரி என்று சொல்லாமல் கான்ஃபிகர் செய்தால் ஓடவே மறுக்கிறது. டிஎல்எஸ் வேண்டாம் என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தெரியாமலே ஹெச்டிடிபிஎஸ் இல்லாத கர்ல் செய்துகொண்டவர்கள் முன்பு எத்தனை பேரோ.

புது ஆப்ஷன் இயல்பாக இயங்க வேண்டுமா, அணைந்திருக்க வேண்டுமா?

கெர்னலில் விதி தெளிவு: அணைந்தே இருக்கட்டும். பழைய கான்ஃபிக்கை எடுத்து வந்து புதுப் பதிப்பை பில்ட் செய்பவருக்கு முடிந்தவரை எதுவும் புதிதாகச் சேரக் கூடாது. தன் டிரைவர் உலகத்துக்கே வேண்டும் என்று எழுதியவர் நினைப்பது சகஜம், அதனால்தான் விதி.

நூலகங்களிலும் பயனர் நிரல்களிலும் நிலைமை வேறு. ஏற்கெனவே இருந்த வசதியை ஆப்ஷனாக மாற்றினால் இயல்பு ‘ஆம்’ என்றுதான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேம்படுத்தியவர்களின் வேலை ஒரே இரவில் நின்றுவிடும்.

நான் உபுண்டு பேக்கேஜ்தான் போடுகிறேன். எனக்கு இதில் என்ன தேர்வு இருக்கிறது?

நேரடியாக இல்லை. உங்களுக்காகப் பேக்கேஜ் பராமரிப்பாளர் முடிவு செய்துவிட்டார். எல்லோருக்கும் ஒரே பைனரி என்பதால் அவர் பெரும்பாலும் எல்லாவற்றையும் இயக்கியே வைப்பார், யாரோ ஒருவருக்கு அது வேண்டியிருக்கும்.

எக்ஸ்இசட் பின்கதவு, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வரைத் தொட முடிந்ததும் இதனால்தான். மூல ஓப்பன்எஸ்எஸ்ஹெச் எக்ஸ்இசட் பக்கம் போவதே இல்லை. சர்வர் தயார் என்று, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக டெபியன், ஃபெடோரா போன்றவை லிப்சிஸ்டம்டியை இணைத்து பேட்ச் போட்டிருந்தன. லிப்சிஸ்டம்டி எக்ஸ்இசட்டின் லைப்ரரியை இழுத்தது. ஒரு சின்னச் செய்தி அனுப்ப இவ்வளவு பெரிய வால். பிறகு ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.8 அந்தச் செய்தியை லைப்ரரி இல்லாமல் தானே அனுப்பக் கற்றுக்கொண்டது. சிஸ்டம்டியும் கம்ப்ரஷன் லைப்ரரிகளைத் தேவைப்படும்போது மட்டும் திறக்கும்படி மாறியது.

டிஸ்ட்ரோக்கள் கையாளும் நடுவழி, ஒரே சோர்ஸிலிருந்து பல பேக்கேஜ்கள். டெபியனில் விம் எடிட்டருக்கு விம்-டைனி ஒன்று, ஜன்னலோடு கூடிய விம் வேறொன்று. வசதியைத் தனி பிளக்இன் கோப்பாக்கித் தனிப் பேக்கேஜில் வைப்பது அதைவிட நல்லது. பில்ட் ஒன்றுதான், தேர்வு மட்டும் நிறுவும்போது. முழுச் சுதந்திரம் வேண்டும் என்பவர்களுக்கு ஜென்டூவின் யூஸ் ஃபிளாக் இருக்கிறது, ஃப்ரீபிஎஸ்டி போர்ட்ஸும் இருக்கிறது. கம்பைல் ஆகும் வரை காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

என்னிடம் இருக்கும் பைனரியில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

கர்ல், எஃப்எஃப்எம்பெக், விம் மூன்றும் வெர்ஷன் கேட்டாலே சொல்லிவிடும். கர்ல் நெறிமுறைகளையும் வசதிகளையும் பட்டியலிடும், எஃப்எஃப்எம்பெக் முழு கான்ஃபிகர் வரியையே காட்டும், விம் ஒவ்வொன்றின் முன்னும் பிளஸ், மைனஸ் போடும். கெர்னலுக்கு, பூட் கோப்புறையில் ‘கான்ஃபிக்’ என்று தொடங்கும் கோப்பைப் பாருங்கள். சில கெர்னல்கள் தங்கள் கான்ஃபிக்கைப் ப்ராக் கோப்புறையில் சுருக்கிய கோப்பாகவே தரும்.

ஒருமுறை வைத்த ஆப்ஷனை நீக்கலாமா?

நீக்க வேண்டும். யாரும் துணிவதில்லை என்பதால் நீக்கியவர்களைப் பாராட்டத் தோன்றுகிறது. கெர்னலில் ‘எக்ஸ்பெரிமெண்டல்’ என்று ஒரு ஆப்ஷன் இருந்தது. இன்னும் பழுக்காத வசதிகளை அதற்குப் பின்னால் ஒளித்து வைக்கும் எண்ணம். காலப்போக்கில் அவசியமான விஷயங்கள்கூட அதற்குப் பின்னாலேயே தங்கிவிட்டதால் டிஸ்ட்ரோக்கள் எல்லாம் அதை இயக்கியே வைத்தன. எதையும் தடுக்காத கதவு எதற்கு என்று 2013ல் எடுத்துவிட்டார்கள்.

விம்மில் பல்பைட் எழுத்து ஆதரவே முன்பு ஒரு ஆப்ஷன். அது இல்லாத விம்மில் யூனிகோட் தமிழைத் திறந்தால் குப்பைதான் தெரியும். இப்போது அது எல்லா பில்டிலும் உண்டு. டைனி முதல் ஹியூஜ் வரை இருந்த ஐந்து அளவுகளையும் மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். ஹார்ட்பிளீடுக்குப் பிறகு ஓப்பன்பிஎஸ்டி குழு ஓப்பன்எஸ்எஸ்எல்லிலிருந்து லிப்ரெஎஸ்எஸ்எல்லைப் பிரித்தபோது, முதலில் செய்த வேலைகளில் ஒன்று, யாரும் ஓட்டாத பழைய இயங்குதளங்களுக்கான இஃப்டெஃப்களை வெட்டி எறிந்தது.

ரஸ்ட்டில் கார்கோ ஃபீச்சர்கள் இதையெல்லாம் தீர்த்துவிட்டனவா?

கார்கோ ரஸ்ட் மொழியின் பில்ட் கருவி, ஃபீச்சர்கள் அதில் வைக்கும் பில்ட் ஆப்ஷன்கள். எழுதும் முறை அழகாகிவிட்டது. ஒரு நிபந்தனை மட்டும் முக்கியம்: ஃபீச்சர் எதையாவது கூட்டலாம், குறைக்கக் கூடாது. உங்கள் நிரலில் இரண்டு கிரேட்கள் (ரஸ்ட் பேக்கேஜ்கள்) ஒரே லைப்ரரியை வெவ்வேறு ஃபீச்சர்களோடு கேட்டால் கார்கோ வழக்கமாக இரண்டையும் சேர்த்து ஒரே முறை பில்ட் செய்யும். ‘இதை அணை’ என்ற ஃபீச்சர் வைத்தால் யாரோ கேட்டதற்காக இன்னொருவருக்கும் அணைந்துவிடும். எத்தனை சேர்க்கைகளைச் சோதித்தீர்கள் என்ற கேள்வி அங்கேயும் அப்படியே இருக்கிறது.

ஒரு பெரிய திட்டத்தில் ஒரு வசதியை ஆப்ஷனாக்கப் பேட்ச் அனுப்பப் போகிறேன். எதைக் கவனிப்பார்கள்?

முதலில் ஆதாயத்தை எண்ணில் கேட்பார்கள். கெர்னல் மரத்தில் ‘புளோட்-ஓ-மீட்டர்’ என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது, இரண்டு பில்ட்களை ஒப்பிட்டு எந்த ஃபங்ஷன் எவ்வளவு குறைந்தது என்று காட்டும். அதன் வெளியீட்டைப் பேட்ச் விளக்கத்தில் ஒட்டுங்கள். வெளி லைப்ரரி ஒன்று கழன்று போகிறது என்றால் அதுவே போதுமான காரணம். சில நூறு பைட்டுக்காக என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்து, அணைத்த பில்டைத் தானியங்கிச் சோதனையில் சேர்த்தீர்களா என்று பாருங்கள். சேர்க்காவிட்டால் அது சில மாதங்களில் உடையும். உடைந்தது தெரியவே இன்னும் சில மாதமாகும். அணைத்த பில்டை நிஜமாகப் பயன்படுத்தும் ஒருவராவது, நீங்களாகவே இருந்தாலும் சரி, இருக்க வேண்டும். இரண்டு பராமரிப்பாளர்களுக்குள் ஒத்துப்போகாததால் “சரி, ஆப்ஷனாக வைத்துவிடுவோம்” என்று முடியும் விவாதங்களை நிறையப் பார்க்கலாம். அப்படிப் பிறக்கும் ஆப்ஷன்களை அந்த இருவருமே சோதிக்க மாட்டார்கள்.

விளக்கக் குறிப்பில் “எக்ஸ்ஒய்இசட் ஆதரவை இயக்கும்” என்று மட்டும் எழுதாதீர்கள். யாருக்கு வேண்டும், அணைத்தால் எது நிற்கும், தெரியாவிட்டால் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று மூன்று வரி போதும்.

நானே செய்து பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது?

கெர்னலிலேயே தொடங்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. பழைய கெர்னலை மட்டும் அழித்துவிடாதீர்கள், புதியது பூட் ஆகாவிட்டால் அதற்குத் திரும்பலாம். ‘மேக்’ கட்டளைக்கு ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்ற இலக்கைக் கொடுத்து ஓட்டுங்கள். இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களை எல்லாம் அது கழித்துவிடும். பில்ட் நேரம் வெகுவாகக் குறையும்.

அதை ஓட்டும் முன், நீங்கள் எப்போதாவது பயன்படுத்தும் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிடுங்கள்: பென்டிரைவ், பிரிண்டர், யுஎஸ்பி ஹெட்செட், போன் டெதரிங். என்டிஎஃப்எஸ் டிஸ்க் இருந்தால் மவுன்ட் செய்து வையுங்கள், விபிஎன் பயன்படுத்தினால் இணைத்து வையுங்கள். அந்த நொடியில் ஏற்றப்படாத மாட்யூல் உங்களுக்கு வேண்டாதது என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.